நீராவி எஞ்சின் வரலாறு – 23: கரியை எடைபோட்டு நடத்தும் போட்டி

எரித்த கரிக்கு ஈடாக எஞ்சின் எவ்வளவு வேலை செய்தது என்ற ஒரே கணக்கை வைத்து, சிறிய நீராவி ரயில் எஞ்சின்களைத் தரவரிசைப்படுத்தும் போட்டி 1969-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. பர்மிங்காம் மாதிரிப் பொறியாளர் சங்கத்தின் இல்ஷா ஹீத் தடத்தில் முதல் போட்டி நடந்தது. முன்னின்று நடத்தியது 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகை. சர்வதேச மாதிரி ரயில் எஞ்சின் பயனுறுதிறன் போட்டி என்பது அதன் முழுப்பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இம்லெக்' என்றே அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு சங்கம் தன் தடத்தைக் கொடுத்து, ஒரு வார இறுதியில் நடத்தித் தருவது வழக்கமாயிற்று. வேகத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. அழகுக்கும் இல்லை. மூலத்தின் ஒவ்வொரு திருகாணியையும் அச்சு அசலாகச் செதுக்கிய எஞ்சினும், வண்ணம் உரிந்த பழைய எஞ்சினும் ஒரே தராசில்தான் ஏறுகின்றன.

இவை மேசைமேல் ஓடும் பொம்மைகள் அல்ல. இரு தண்டவாளங்களுக்கும் இடையே மூன்றரை அங்குலம் (89 மி.மீ.) அல்லது 5 அங்குலம் (127 மி.மீ.) உள்ள தடத்தில் ஓடுபவை. மூன்றரை அங்குல எஞ்சின் உண்மையான எஞ்சினில் பதினாறில் ஒரு பங்கு; 5 அங்குல எஞ்சின் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. கொதிகலன் செம்புத் தகட்டில் செய்து வெள்ளிப் பற்றாசு வைத்தது. உள்ளே சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு அழுத்தம் நிற்கும். உலையில் எரிவது உண்மையான நிலக்கரி. தரையிலிருந்து இடுப்புயரத்தில் அமைந்த தடம் என்றால், பயணிகள் நீண்ட பலகை வண்டியின் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். நல்ல 5 அங்குல எஞ்சின் ஒரு டஜன் ஆட்களை இழுத்துச் செல்லும். இப்படி ஓர் எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் லேத்தை வைத்துக்கொண்டு செய்துமுடிக்கப் பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

எரிபொருளை எடைபோட்டு எஞ்சினைச் சோதிப்பது ரயில்வேயின் பிள்ளைப் பருவத்திலேயே பிறந்த எண்ணம். 1829 அக்டோபரில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வே ரெயின்ஹில்லில் நடத்திய சோதனைப் போட்டியை இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் பார்த்தோம். 500 பவுண்டு பரிசு. எஞ்சின் தன் எடையைப் போல் மூன்று மடங்கு சுமையை இழுக்க வேண்டும். ஒன்றரை மைல் தடத்தில் முன்னும் பின்னுமாக ஓடி, லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்குப் போய்த் திரும்பும் தொலைவைக் கடக்க வேண்டும். தீர்ப்பாளர்கள் எரிபொருளையும் நீரையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். ஓட்டத்தை முடித்தது ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' மட்டும்தான். ஆனால் இந்தப் பகுதிக்கு வேண்டிய பாடம் தோற்ற எஞ்சின் ஒன்றில் இருக்கிறது. டிமதி ஹாக்வொர்த்தின் 'சான் பரேல்' எஞ்சினில் கழிவு நீராவி புகைப்போக்கிக்குள் மிகக் கடுமையாகப் பீறியது. அந்த உறிஞ்சலில் பாதி எரிந்த கோக் துண்டுகள் உலையிலிருந்து கிளம்பிப் புகைப்போக்கி வழியே வெளியே பறந்தன. எரிபொருள் செலவு கணக்கில் எகிறியது. 140 ஆண்டுகளுக்குப் பிறகு சின்ன எஞ்சின்களோடு போட்டிக்கு வந்தவர்களும் முதலில் போராட வேண்டியிருந்தது இதே குறையோடுதான்.

எரிபொருளை எடைபோடுவது கணக்கில் ஒரு பாதி. மறுபாதி, செய்த வேலையை அளப்பது. சுமையின் எடையும் கடந்த தொலைவும் தெரிந்தால் போதாது; வளைவு, ஏற்றம், காற்று, சக்கர உராய்வு எல்லாம் சேர்ந்து எஞ்சின் உண்மையில் எவ்வளவு விசையோடு இழுத்தது என்பதை நொடிக்கு நொடி தெரிந்துகொள்ள வேண்டும். கணிப்பொறியின் முன்னோடியாக அறியப்படும் சார்லஸ் பாபேஜ், 1830-களின் இறுதியில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஒரு பெட்டியை இதற்காகவே அமைத்தார். ஓடும்போதே நீண்ட காகிதச் சுருளில் பேனாக்கள் இழுவிசையையும் ரயிலின் அசைவுகளையும் கோடுகளாக வரைந்தன. அதன் வாரிசுகள்தான் பின்னாளில் எல்லாப் பெரிய ரயில்வேக்களும் வைத்திருந்த டைனமோமீட்டர் பெட்டிகள். 1938 ஜூலை 3 அன்று 'மல்லார்ட்' எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டதற்குச் சான்று, வடகிழக்கு ரயில்வே 1906-ல் கட்டிய அப்படிப்பட்ட ஒரு பெட்டியின் காகிதச் சுருள்தான்.

பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையான 1948-ல், பழைய கம்பெனிகளின் எஞ்சின்களை ஒன்றின் தடத்தில் மற்றொன்றை ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். அளவுகோல் இதுதான்: கொக்கியில் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர எத்தனை பவுண்டு கரி தேவை? விரைவு ரயில் எஞ்சின்களில் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை சுமார் 3 பவுண்டில் அதைச் செய்து முன்னே நின்றது. கரியிலிருந்த ஆற்றலில் ஏறக்குறைய 6 சதவீதம் மட்டுமே இழுக்கும் வேலையாக மாறியது என்று அதற்குப் பொருள். அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் தலைகாட்டியது. சில ஓட்டுநர்கள் நேரத்தைக் காப்பாற்றுவதே பெரிதென்று எஞ்சினை விரட்டினார்கள். சிலர் கரியை மிச்சம்பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். எஞ்சினை அளந்தோமா, ஆளை அளந்தோமா என்ற கேள்வி அன்று தீரவில்லை. சிறிய எஞ்சின் போட்டி அதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது: எஞ்சினையும் ஆளையும் பிரிக்காமல் சேர்த்தே அளந்து, சேர்த்தே பரிசு கொடுத்தது. இது சரியான முடிவு. தான் ஓட்டும் எஞ்சினைப் பெரும்பாலும் தானே செய்தவர் வரும் போட்டியில் இரண்டையும் பிரிப்பதில் பொருளில்லை.

அப்படியொரு போட்டி நடப்பதற்கு முன்னால், இவ்வளவு சிறிய எஞ்சின் கரியில் ஓடும் என்பதையே உலகம் நம்ப வேண்டியிருந்தது. பெர்சிவல் மார்ஷல் 1898-ல் 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கில் ஓடின. கரி போடும் உலையும் உள்ளே பல குழாய்களும் கொண்ட கொதிகலன் இரண்டரை அங்குலத் தடத்துக்குச் சரிப்படாது என்பது அன்றைய பெரிய வடிவமைப்பாளர்களின் கருத்து. இதை எதிர்த்தவர் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ் (1883–1967). லண்டன், பிரைட்டன், தென்கடற்கரை ரயில்வேயின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். 1924-ல் லண்டனில் நடந்த மாதிரிப் பொறியியல் கண்காட்சியில் அவருடைய 'ஆயிஷா' எஞ்சின் கரியைத் தின்று வளர்ந்த ஆட்களை இழுத்துக் காட்டியது. கொதிகலன் யுத்தம் என்று பேர்பெற்ற அந்த வாதம் அதோடு ஓய்ந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் வாராவாரம் அவர் எழுதிய செய்முறைகளைப் பின்பற்றி உலகெங்கும் எஞ்சின்கள் உருவாயின. அவர் இறந்த இரண்டாம் ஆண்டில் இம்லெக் பிறந்தது. கரி எஞ்சின் ஓடுமா என்ற கேள்வி அதற்குள், எவ்வளவு நன்றாக ஓடும் என்ற கேள்வியாக மாறியிருந்தது.

போட்டியின் கணக்கு பள்ளி இயற்பியல் அளவிலானது. கொக்கியில் செலுத்திய இழுவிசையை அந்த விசையில் கடந்த தொலைவால் பெருக்கினால் வேலை. எரித்த கரியின் எடையை அதன் கலோரி மதிப்பால் பெருக்கினால் கொடுத்த வெப்பம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பயனுறுதிறன். எடுத்துக்காட்டாக, ஓர் எஞ்சின் சராசரியாக 60 நியூட்டன் விசையோடு இழுத்து அரை மணியில் 4 கிலோமீட்டர் ஓடியதாகக் கொள்வோம். வேலை 2,40,000 ஜூல். அதற்கு அரைக் கிலோ கரி செலவானதென்றால், கிலோவுக்கு 32 மெகாஜூல் வீதம் உள்ளே போன வெப்பம் 160 லட்சம் ஜூல். வகுத்தால் ஒன்றரை சதவீதம். எஞ்சின் தந்த சராசரித் திறன் 133 வாட். போட்டிக்கு வரும் எஞ்சின்கள் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் இடையில் நிற்கின்றன. 1-க்குக் கீழே போவதும் அரிதல்ல. 2-ஐத் தாண்டினாலே மதிப்பான ஓட்டம்.

நூற்றில் இரண்டு என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தில் நீர் கொதிப்பது சுமார் 166 பாகை செல்சியஸில். வெளியேறும் நீராவியை 100 பாகை என்று கொண்டால், இந்த இரு வெப்பநிலைகளுக்கும் இடையே எந்தக் குறையுமில்லாத கற்பனை எஞ்சினே 15 சதவீதம்தான் தர முடியும். வெப்ப எஞ்சின்களுக்குக் கார்னோ வகுத்த எல்லை அது. மீதி இழப்புகளெல்லாம் அந்தப் பதினைந்திலிருந்தே கழிகின்றன.

இழுவிசையை அளக்கும் பெட்டி போட்டியின் உயிர்நாடி. எஞ்சினுக்கும் பயணிகள் வண்டிகளுக்கும் இடையில் அது கோக்கப்படும். எஞ்சின் முன்னே இழுக்கும்போது கொக்கி ஒரு சுருள்வில்லையோ எண்ணெய் அடைத்த சிறு சிலிண்டரையோ அழுத்தும். அந்த அழுத்தம் எவ்வளவு, பெட்டியின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற இரண்டையும் விடாமல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவதற்கு ஒரு நுட்பமான பொறி உண்டு. சுழலும் தட்டின் மேல் சின்ன உருளை ஒன்று உட்கார்ந்திருக்கும். இழுவிசை கூடக்கூட உருளை தட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகரும். விளிம்பருகே தட்டு வேகமாக ஓடுவதால் உருளையும் வேகமாகச் சுழலும். தட்டைச் சுழற்றுவது பெட்டியின் சக்கரம். ஆக, ஓட்டம் முடிந்தபின் உருளையின் மொத்தச் சுற்றுகளை எண்ணினால் அதுவே மொத்த வேலை. எந்த மின்சாரமும் இல்லாமல் ஒரு தட்டும் உருளையும் தொகை நுண்கணிதம் போடுவது பார்க்கப் பார்க்கத் திகட்டாத காட்சி. பிற்காலத்தில் விசையை மின் உணரிகளும், கணக்கைக் கணிப்பொறியும் எடுத்துக்கொண்டன. ஓட்டத்தின் போதே எண்கள் திரையில் தெரியத் தொடங்கின.

எந்தக் கருவியானாலும் போட்டிக்கு முன்பு அதைச் சரிபார்த்தாக வேண்டும். கொக்கியில் கயிறு கட்டி, கப்பி வழியாக, எடை தெரிந்த கற்களைத் தொங்கவிட்டு, கருவி காட்டும் அளவோடு ஒப்பிடுவது எளிய வழி. சக்கரத்தின் சுற்றளவு சரியா என்பதை அளந்து வைத்த தடத்தில் உருட்டிப் பார்க்கலாம். கருவியில் ஏதேனும் பிசகு இருந்தாலும், அது எல்லா எஞ்சினுக்கும் ஒரே அளவாக இருக்கும்வரை வரிசை மாறாது. நடுவில் பிசகு மாறினால்தான் கேடு. காலை வெயிலில் ஓடியவரும் மாலை மழையில் ஓடியவரும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டியவர்கள் அல்லவா? அதனால் கவனமான சங்கங்கள் நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் சரிபார்க்கின்றன.

கரியின் பக்கம் இதைவிடக் கடினம். எல்லாருக்கும் ஒரே கரி என்பது அடிப்படை. போட்டி நடத்துபவர்களே அதைத் தருகிறார்கள். பெரும்பாலும் புகை குறைந்த வேல்ஸ் நிலக்கரி, அல்லது ஆந்த்ரசைட். சின்ன உலைக்கேற்ப உடைத்து, தூளைச் சலித்து, ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். நனைந்த கரியில் நீரின் எடையும் கரியாகக் கணக்கில் ஏறிவிடும். தராசு மேசையில் நடப்பது ஒரு சின்னச் சடங்கு போலத்தான் இருக்கும். எஞ்சினின் கரித்தொட்டியைத் துடைத்துக் காலி செய்கிறார்கள். எடைபோட்ட கரிப் பையை ஓட்டுநர் முன்னிலையிலேயே திறக்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய துண்டுகள், பையின் அடியில் ஒட்டிய பொடி, தட்டில் சிதறியது எல்லாவற்றையும் தூரிகையால் கூட்டி எடுத்து மறுபடி தராசில் வைக்கிறார்கள். மொத்தச் செலவே அரைக் கிலோ என்றால் 10 கிராம் பிசகு 2 சதவீதப் பிழை. முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள இடைவெளி சில ஆண்டுகளில் அதைவிடக் குறைவாக இருந்துவிடலாம்.

தராசுக்குள் அகப்படாதது உலையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் நெருப்பு. கணக்கு தொடங்கும் நொடியில் உலை நிறையத் தணலும், கொதிகலன் நிறைய நீரும், முழு அழுத்தமும் இருந்தால் அது ஓட்டுநருக்குக் கிடைத்த முதல். கணக்கு முடியும் நொடியில் தணல் சாம்பலாகவும், நீர் கண்ணாடிக் குழாயின் அடிமட்டத்திலும், அழுத்தமானி இறங்கியும் இருந்தால் அந்த முதலை முழுதும் செலவழித்துவிட்டார் என்று பொருள். ஒவ்வொருவருக்கும் தரப்படும் அரை மணி ஓட்டத்தில் இந்த முதல் கணிசமான பங்கு. அதனால் தொடங்கும்போதும் முடியும்போதும் நெருப்பு, நீர்மட்டம், அழுத்தம் ஆகியவை ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்துக் கண்காணிப்பாளர் ஒருவரை உடன் அனுப்பலாம். அல்லது எல்லாருக்கும் உள்ள வாய்ப்புதானே என்று விட்டுவிடலாம். ஓட்டத்தை நீட்டினால் அந்த முதலின் பங்கு சுருங்கும். ஆனால் வார இறுதியில் இருபதுக்கு மேற்பட்ட எஞ்சின்களை ஓட்டி முடிக்க வேண்டிய சங்கத்துக்கு அரை மணிக்கு மேல் கொடுக்க வழியில்லை. அளவின் துல்லியத்துக்கும் நாளின் நீளத்துக்கும் இடையே செய்துகொண்ட நியாயமான உடன்பாடாகவே அந்த அரை மணியைக் கொள்ள வேண்டும்.

ஓட்டத்துக்கு முன் போட்டியாளர் எடுக்கும் பெரிய முடிவு, எத்தனை பேரை ஏற்றிக்கொள்வது என்பது. வேலை அளக்கப்படுவது கொக்கியில். எஞ்சின் தன்னைத்தானே நகர்த்திக்கொள்ளும் உழைப்பு கணக்கில் சேராது. பிஸ்டன் வளையங்கள், தாங்கிகள், வால்வு, தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் உராய்வு சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருமளவு அதே அளவில் செலவாகிறது. இரண்டு பேரை மட்டும் ஏற்றிச் சென்றால் அந்தச் செலவே கரியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சுமையைக் கூட்டக்கூடப் பயனுறுதிறன் ஏறும், ஓர் எல்லைவரை. அதற்கு அப்பால் உலையைக் கடுமையாக ஊதவேண்டி வந்து எரியாத கரி பறக்கும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஒருமுறை வழுக்கினால் சில நொடிகளில் சிலிண்டர் சிலிண்டராக நீராவி வீணாய்ப் போகிறது, ரயில் ஓர் அடி நகராமலே. அத்தோடு அந்தத் திடீர் உறிஞ்சலில் உலைப்படுகையில் ஓட்டை விழுந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். அதைச் சரிக்கட்டுவதற்குள் ஒரு சுற்றே போய்விடும். தூறல் விழுந்தால் தண்டவாளத்தின் பிடிப்பு குறையும். காலையில் எட்டுப் பேரை இழுத்த எஞ்சின் அப்போது ஆறு பேருக்கே திணறும். ஓடும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது இதனால்தான். ஆட்களை ஏற்றுவதும் நடத்தும் சங்கத்தின் பொறுப்பு. நாள் முழுதும் அசையாமல் உட்கார்ந்து சுற்றிவரத் தயாரான, எடை தெரிந்த ஆட்கள் பந்தலடியில் காத்திருக்க வேண்டும்.

பயணிகளை இழுக்கும் போட்டி என்பதால் பாதுகாப்பு முதல் நிபந்தனை. புதுக் கொதிகலனை இயங்கும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு நீரழுத்தத்தில் சோதிப்பார்கள். செல்லுபடியாகும் சோதனைச் சான்று கையில் இல்லாத எஞ்சினை நெருப்பு மூட்டவே விடமாட்டார்கள். பாதுகாப்பு வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, நீர் ஏற்றத் தனித்தனியே இரண்டு வழிகள், வண்டிகளில் பிரேக் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் தடம் திறக்கும்.

ஓட்டம் தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நடக்கிற வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு சின்ன எஞ்சின் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஓட்டுநரின் கைகளை. கரண்டி விரல் நீளம். அதில் ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு. உலைக்கதவைத் திறந்து, வெளுத்திருக்கும் இடம் பார்த்துப் போட்டு, உடனே மூட வேண்டும். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்ந்த காற்று குழாய்களுக்குள் ஓடுகிறது. ஒரேயடியாக அள்ளிப்போட்டால் உலை மூச்சுத்திணறிக் கரும்புகை கக்கும்; அந்தப் புகை முழுதும் எரியாமல் போன ஆற்றல். கஞ்சத்தனம் காட்டினால் அழுத்தம் விழும், நின்றுபோக நேரும். தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகவே ஏற்ற வேண்டும். மொத்தமாக ஏற்றினால் கொதிகலன் குளிர்ந்துவிடும். பாதுகாப்பு வால்வு சீறிக்கொண்டு நீராவியை வெளியேற்றினால் வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கம்பீரமான காட்சி. எடைபோட்ட கரி ஆகாயத்தில் போவது ஓட்டுநருக்குத்தான் தெரியும். வால்வு திறக்கும் புள்ளிக்கு இரண்டு மூன்று பவுண்டு கீழே முள்ளை நிறுத்தி அரை மணியும் ஓட்டுவதுதான் தேர்ந்த கை. முன்னால் ஏற்றம் வருகிறதென்றால் அதற்கு அரைச் சுற்று முன்பே நெருப்பைத் தயார் செய்ய வேண்டும். இதனால் தன் சங்கத் தடத்தில் ஓடுபவருக்குச் சிறு அனுகூலம் உண்டு என்பதை மறுக்க முடியாது. போட்டி இடம் மாறிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு நல்ல காரணம்.

நீராவியைச் சிலிண்டருக்குள் எப்படி விடுவது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நீராவியைப் பிஸ்டன் ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் சிறிது நேரம் விட்டு, பிறகு வழியை அடைத்து, உள்ளே போனதையே விரியவிட்டு வேலை வாங்குவது சிக்கனமான முறை. ரிவர்சர் நெம்புகோலை நடுவை நோக்கி இழுத்து இதைச் செய்கிறார்கள். பெரிய எஞ்சினில் இதன் பலன் தெள்ளத்தெளிவு. சின்ன எஞ்சினில் ஒரு கட்டத்துக்கு மேல் விரியவிட்டால் நீராவி சிலிண்டர் சுவரில் பட்டு நீராகிவிடுகிறது. விரிவால் கிடைத்த லாபத்தை அந்தக் குளிர்வு பிடுங்கிக்கொள்கிறது.

சின்ன எஞ்சினின் அடிப்படைத் துன்பமே இந்தக் குளிர்வுதான். அளவைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் பரப்பு 121-ல் ஒரு பங்காகிறது; கனஅளவோ 1,331-ல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு கன அங்குல நீராவிக்கு எதிரே நிற்கும் குளிர்ந்த சுவரின் பரப்பு பதினொரு மடங்கு கூடிவிட்டது. பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் சூடாக இருக்கும் காபி, சிறு டம்ளரில் ஊற்றியதும் ஆறிவிடுவது இதே காரணத்தால். உலையிலும் இதே கதை. தணலைச் சுற்றிலும் நீர் நிறைந்த சுவர்கள் நெருங்கி நிற்பதால் கரியிலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதும் எரிவதற்குள் குளிர்ந்து குழாய்க்குள் நுழைந்துவிடுகின்றன. வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதற்காகக் குழாயை மெல்லியதாக்கினால் சாம்பல் அடைக்கும், இழுப்பும் குறையும். அகலமாக்கினால் வெப்பம் அப்படியே புகைப்போக்கிக்குப் போய்விடும். குழாயின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் இடையே பொருத்தமான விகிதம் எது என்பது கர்லி லாரன்ஸ் காலத்திலிருந்து இந்தத் துறையில் ஓயாமல் ஆராயப்படும் கேள்வி.

இதற்கெல்லாம் கிடைத்த மருந்துகளில் வலுவானது மீவெப்ப நீராவி. கொதிகலனிலிருந்து வரும் ஈர நீராவியை மறுபடி நெருப்பின் வழியே செலுத்திச் சூடேற்றினால், சிலிண்டர் சுவரில் பட்டாலும் அது உடனே நீராவதில்லை. பழைய சின்ன எஞ்சின்களில் மீவெப்பக் குழாய் கொதிகலனின் புகைக்குழாயோடு நின்றுவிடும். நீராவியை உலர்த்தியதே தவிர அதிகம் சூடேற்றவில்லை. அதை உலைக்குள்ளேயே, தணலுக்கு நேர் மேலே நீட்டிக் கொண்டுபோனவர்களுக்குக் கரிச் செலவு கண்கூடாகக் குறைந்தது. செம்பு அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். அத்தனை சூட்டில் சாதாரண எண்ணெய் கருகிவிடும். உராய்வுத் தொல்லை புதிதாக முளைத்தது. கெட்டியான சிலிண்டர் எண்ணெய், நம்பகமான எண்ணெய்ப் பம்ப், வார்ப்பிரும்பு சிலிண்டர், வெப்பம் தாங்கும் வளையங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் தேவைப்பட்டன.

அடுத்தது புகைப்போக்கிக்குக் கீழுள்ள புகைப்பெட்டி. கழிவு நீராவி பீறும் முனை ஒடுங்கியிருந்தால் இழுப்பு கூடும், ஆனால் சிலிண்டருக்குள் எதிர் அழுத்தமும் கூடி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். ரெயின்ஹில்லில் ஹாக்வொர்த்துக்கு நேர்ந்ததும் நேரும். முனையை அகலப்படுத்திக்கொண்டே அதே இழுப்பைப் பெறுவது எப்படி என்று பெரிய எஞ்சின்களுக்காகப் பிரான்சில் பொறியாளர் ஷாப்பலோனும், பின்னர் அர்ஜென்டினாவில் போர்ட்டாவும் கண்ட வழிகள் சின்ன எஞ்சின்களுக்கும் வந்தன. ஒரே முனைக்குப் பதில் பல சிறு முனைகள், சரியான கூம்பு வடிவில் விரியும் புகைப்போக்கி. இந்த மாற்றங்களை ஓட்டுநர்கள் தங்கள் அனுபவத்தால் மட்டும் நல்லது என்று சொல்லியிருந்தால் வாதம் முடிந்திருக்காது. தராசும் டைனமோமீட்டர் பெட்டியும் சொன்னபோது மறுபேச்சு இல்லாமல் போயிற்று. இம்லெக் இந்தத் துறைக்குச் செய்த பெரும் தொண்டு இதுவே.

கூட்டு எஞ்சின் முறை மட்டும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவியை இன்னொரு பெரிய சிலிண்டரில் மறுபடி பயன்படுத்தும் இந்த முறைக்கு நம் கண்முன் உள்ள சான்று நீலகிரி மலை ரயில்: பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எக்ஸ் வகை எஞ்சினின் உயரழுத்த சிலிண்டர்கள் கழித்த நீராவிதான் பல்சக்கரத்தை இயக்கும் தாழ்வழுத்த சிலிண்டர்களுக்குப் போகிறது. பதினொன்றில் ஒரு பங்கு அளவில் செய்யும்போது இரண்டாவது சிலிண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் நீராவி பெரும்பாலும் குளிர்ந்து ஈரமாகிவிடுகிறது. கூடுதல் சிலிண்டர்களின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு சிலிண்டர், எளிய வால்வு, நன்றாகப் பொருந்திய வளையம், நிதானமான கை ஆகிய இவையே சிறிய எஞ்சினுக்கு உகந்தவை.

சதவீதம் ஒன்றே அளவுகோல் என்பதால் பெரிய எஞ்சினுக்கு இயல்பாகவே சற்றுச் சாதகம் உண்டு. பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள அதே விகிதம் 5 அங்குல எஞ்சினுக்குள்ளும் கனத்ததற்கும் இலேசானதற்கும் இடையே வேலை செய்கிறது. இரண்டு கைகளால் தூக்கி மேசைமேல் வைத்துவிடக்கூடிய மூன்றரை அங்குல எஞ்சின், அதைவிடப் பல மடங்கு எடையுள்ள 5 அங்குல எஞ்சினோடு ஒரே பட்டியலில் நிற்பது கடினம். இந்தக் குறையைப் போக்க, 50 பவுண்டு எடைக்கு உட்பட்ட எஞ்சின்களுக்கென்று 'லிட்டில்லெக்' என்ற தனிப் போட்டி பிற்பாடு உருவானது. சூத்திரம் அதேதான், அளக்கும் பெட்டி மட்டும் இன்னும் நுட்பமாக இருக்க வேண்டும், ஏனெனில் இங்கே இழுவிசையும் சிறிது, கரியும் சிறிது. புதிதாக எஞ்சின் கட்டத் தொடங்குபவர் முதலில் செய்வது இப்படிப்பட்ட சிறிய தொட்டி எஞ்சினைத்தான் என்பதால், முதல் எஞ்சினோடு முதல் போட்டிக்கு வருபவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது.

முடிவுகளைப் பத்திரிகையில் வெளியிடும் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். எஞ்சினின் வகை, இழுத்த சுமை, ஓடிய தொலைவு, செய்த வேலை, எரித்த கரி, பயனுறுதிறன் எல்லாம் ஒரே அட்டவணையில் வரும். நடுவில் நின்றுபோன எஞ்சின்களும் அதில் உண்டு. கடைசி இடத்தில் நின்றவரும் தன் எஞ்சினின் வரியைப் பக்கத்து வரியோடு ஒப்பிட்டு, கரி எங்கே போனது என்று அடுத்த குளிர்காலம் முழுதும் கொட்டகையில் உட்கார்ந்து தேடலாம்.